விட்டு வைத்திருக்கிறார்

தங்கச்சிமடம்,
ஜூலை 10.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். தம்பி நேற்றுதான் கடலுக்குப் போய் வந்தான். தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று பலமாக இருப்பதால் தென்கடல் பக்கம் யாரும் தலைகாட்டவில்லை; வடகடலில் மட்டும் ஏதோ கொஞ்சம் நண்டு கிடைக்கிறது.

போனில் எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். சாப்பிட்டியா, அங்கே வெயில் எப்படி என்று ரெண்டு கேள்வி கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி, மஸ்கட்டில் நீ நர்சாக இருக்கிற ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளை இறந்துபோனதைச் சொல்லி நீ அழுதபோதும் அதையேதான் செய்தேன். அன்றிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. அதனால் தம்பியின் பழைய நோட்டில் தாள் கிழித்து எழுதுகிறேன். அவன் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். என் கையெழுத்து புரியாவிட்டால் அவனைக் கேள். சில இடத்தில் எனக்கே புரியாது.

நீ கேட்டது இதுதான்: "எல்லாம் ஆண்டவர் கையிலன்னு சின்ன வயசுல இருந்து சொல்லிக் குடுத்தீங்களேப்பா. அப்போ பன்னிரண்டு மணி நேரம் அந்தப் பிள்ளைகூட நான் நின்னதுக்கு என்ன அர்த்தம்? அவர் எடுக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டா என் கை எதுக்கு?" ஒன்பது வயதுப் பிள்ளை. அதன் அம்மா கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள் என்றும் சொன்னாய். அதற்கு மேல் நீ பேசவில்லை.

மூன்று வாரமாக வெள்ளிக்கிழமைப் பூசைக்கு நீ போகவில்லை என்று அம்மா சொன்னாள். அதற்காகத் திட்டுவதற்கு இதை எழுதவில்லை. நானே ஒரு காலத்தில் எட்டு மாதம் கோயில் வாசலை மிதிக்காமல் இருந்தவன். அது உனக்குத் தெரியாது. வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை.

சித்தப்பா கடலில் போனார் என்பது உனக்குத் தெரியும். போக வேண்டியவன் நான் என்பது தெரியாது.

1994 நவம்பர். வாடை தொடங்கிவிட்டது. வடகடலில் நண்டு வலை போட்டுவிட்டு வந்திருந்தோம். மறுநாள் விடியலில் வலையை எடுத்தாக வேண்டும், விட்டால் பிடிபட்ட நண்டையெல்லாம் மற்ற மீன் தின்றுவிடும். எனக்கு மலேரியா. ரெண்டு போர்வை போட்டும் கட்டில் ஆடுகிற மாதிரி நடுக்கம். நீ அம்மா வயிற்றில் ஏழு மாதம். சித்தப்பா வாசலில் நின்று, "நீ படுண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு என் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு போனான். அவனுக்கு இருபத்தாறு வயது. கூட ரெண்டு பேர்.

புயல் என்று பேர் வைக்காத, சொல்லாமல் வந்த ஒரு காற்று. மத்தியானத்துக்கு மேல் வடக்கே கறுத்தது. வல்லம் கவிழ்ந்தது. மூன்று பேரும் ஒரே பிளாஸ்டிக் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறார்கள். மறுநாள் காலை வேறு படகுக்காரர்கள் தூக்கியபோது ரெண்டு பேர்தான் இருந்தார்கள். ராத்திரி எந்த நேரத்தில் அவன் கைவிட்டான் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. உடம்பு கரை சேரவில்லை. அதனால்தான் கல்லறைத் திருநாளில் எல்லோரும் கல்லறைக்கு மெழுகுவர்த்தி கொண்டுபோகும்போது நம் வீட்டில் மட்டும் ஒன்றைக் கடற்கரைக்குக் கொண்டுபோவோம். காற்று அணைத்துவிடும், நான் மறுபடி பற்றவைப்பேன். அது என்ன விளையாட்டு என்று சின்ன வயதில் நீ கேட்டிருக்கிறாய்.

துக்கம் கேட்க வந்தவர்கள் என் தோளைத் தட்டி, "ஆண்டவர் ஒன்னக் காப்பாத்திட்டாருடா" என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் அது என் நெஞ்சில் முள்ளாக இறங்கியது. என்னைக் காப்பாற்றினார் என்றால் என் தம்பியை என்ன செய்தார்? எனக்குக் காய்ச்சலைக் கொடுத்து அவனைத் தள்ளிவிட்டாரா? வெளியூரிலிருந்து வந்த ஒரு ஜெபக்குழுக்காரர் என்னைக் கூட்டத்தில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். அவரை வீட்டு வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். இன்னொரு பெரியவர், படகை மந்திரிக்காமல் இறக்கியதால்தான் இப்படி ஆனது என்றார். அவருக்குப் பதில் பைபிளிலேயே இருக்கிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் எருசலேமில் மற்ற எல்லோரையும்விடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லவே இல்லை என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். அப்போது எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பெரியவரிடம் அவ்வளவு கெட்ட வார்த்தை பேசியிருக்க மாட்டேன்.

இன்றைக்கும் கோயில் மைக்கில் யாராவது, "விபத்தில் நான் மட்டும் தப்பித்தேன், ஸ்தோத்திரம்" என்றால் எனக்கு எரிச்சல்தான் வரும். அந்த 'மட்டும்' என்ற சொல்லையாவது விட்டுவிட்டுச் சொல்லக் கூடாதா?

எட்டு மாதம் கழித்து அப்பத்தாதான் என்னை உட்கார வைத்துப் பேசினாள். அப்பத்தா அதிகம் பேசுகிறவள் இல்லை, உனக்கே தெரியும். தேங்காய் துருவிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்: "ஒன்னக் காப்பாத்தலடா. விட்டு வச்சிருக்காரு."

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். அப்போதுதான் தனுஷ்கோடிக் கதையை முழுசாகச் சொன்னாள்.

நாங்கள் அப்போது தனுஷ்கோடியில்தான் இருந்தோம். எனக்கு மூன்று வயது. 1964 டிசம்பரில் கிறிஸ்துமஸுக்காக அப்பத்தா என்னைத் தூக்கிக்கொண்டு ரெண்டு நாள் முன்னதாகவே இங்கே தங்கச்சிமடத்துக்கு, தன் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். தாத்தாவையும் வம்பு பண்ணிக் கூட்டிவந்தாள். என் பெரியம்மா குடும்பம், பூசைக்குத் துணி தைத்து முடித்துவிட்டு 24ஆம் தேதி வருகிறோம் என்று அங்கேயே இருந்தது. 22ஆம் தேதி ராத்திரி கடல் ஏறியது. பாம்பனிலிருந்து போன ரயில் நூறு பேருக்கும் மேலான ஆட்களோடு தண்ணீரில் போனது. ஊர் போனது. அந்த மாதாகோயிலில் சுவர் மட்டும் மிஞ்சியது. இப்போது டூரிஸ்டுகள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறார்கள். பெரியம்மா வீட்டில் ஆறு பேர், ஒருவரும் மிஞ்சவில்லை.

"அக்கா என்னைவிட நல்லா ஜெபமால சொல்லுவா" என்றாள் அப்பத்தா. "என்னைக் காப்பாத்துனாருன்னு சொன்னா அவளைக் கைவிட்டாருன்னு ஆயிடும். அவ கைவிடப்பட்டவ இல்ல. அவளையும் அவர்தான் வச்சிருக்காரு. என்னை இங்க விட்டு வச்சிருக்காரு, அவ்வளவுதான். எப்ப கூப்பிடுறாரோ அப்ப போறது."

பாப்பா, அந்தச் சொல்லை நான் முப்பது வருடமாக மென்று பார்க்கிறேன். தோட்டத்தில் காய் பறிக்கும்போது ரெண்டு காயை விதைக்கென்று செடியிலேயே விட்டு வைப்போம். அவை மற்றதைவிட உசத்தி என்று இல்லை, பறித்தவை தள்ளுபடியும் இல்லை. ரெண்டும் ஒரே கைதான் செய்தது. இது முழுப் பதில் இல்லைதான். ஏன் அவன், ஏன் நான் இல்லை என்பதற்கு இதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு ராத்திரி ரொம்ப நாளைக்குப் பிறகு தூங்கினேன்.

அப்புறம், கோபம் போகவில்லையே என்று சொன்னேன். "கோவமா இருந்தா இரு. வெளிய நின்னு கோவப்படாத, உள்ள போய் அவருகிட்டயே கோவப்படு" என்றாள். லாசர் செத்த வீட்டில் மார்த்தா அப்படித்தானே செய்தாள். நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டானே என்று ஆண்டவரின் முகத்துக்கு நேரே கேட்டாள். அவரும் அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை.

இப்போது வேலைக்குப் போகாத காலத்தில் பைபிளைக் கையில் எடுத்து உட்காருகிறேன். கண்ணாடி போட்டாலும் மெதுவாகத்தான் ஓடுகிறது. நம் சந்தியாகப்பர் திருநாள் 25ஆம் தேதி வருகிறதே, அவரைப் பற்றி என்னதான் எழுதியிருக்கிறது என்று போன வருடம் தேடினேன். நம் ஊரிலும் அவர்தான், மூக்கையூரிலும் அவர்தான். இவ்வளவு பேர் கும்பிடுகிறோம், குதிரையில் உட்காரவைத்துத் தேர் இழுக்கிறோம். அவர் இறந்ததைப் பற்றி அப்போஸ்தலர் பணியில் ஒரே ஒரு வரி. 12ஆம் அதிகாரம். ஏரோது ராஜா யோவானின் சகோதரனான யாக்கோபை வாளால் கொன்றான். அந்த யாக்கோபுதான் நம் சந்தியாகப்பர். அவ்வளவுதான். வானதூதரான சம்மனசு வரவில்லை, சங்கிலி அறவில்லை.

அதே அதிகாரத்தில் அடுத்ததாக இராயப்பரை, அதாவது பேதுருவை, பிடித்து ஜெயிலில் போடுகிறார்கள். ரெண்டு சங்கிலி, ரெண்டு பக்கமும் போர்வீரன். சம்மனசு வந்து விலாவில் தட்டி எழுப்பி, இடுப்பைக் கட்டு, செருப்பைப் போடு என்று சொல்லிக் கூட்டிப்போகிறது. இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது. வீட்டு வாசலில் அவர் வந்து தட்டினால், வேலைக்காரப் பெண் சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடுகிறாள். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது.

ஒரே சபை. ஒரே ஜெபம். சந்தியாகப்பருக்காக அவர்கள் ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? இராயப்பர் தப்பித்த செய்தி சந்தியாகப்பரின் அப்பா செபதேயு வீட்டுக்கும் போயிருக்குமே. அந்தச் செபதேயுவைப் பற்றி எந்தச் சாமியாரும் பிரசங்கம் வைத்து நான் கேட்டதில்லை. ரெண்டு பையன்களும் வலையைப் போட்டுவிட்டு ஆண்டவர் பின்னால் போக, கிழவர் கூலியாட்களோடு படகில் நின்றார். பிள்ளைகளைத் தூர அனுப்பிவிட்டுக் கரையில் நிற்கிற எனக்கு அந்த மனிதரை நன்றாகத் தெரியும் போல இருக்கிறது.

மஸ்கட் ருவியில் நீ போகிற கோயில் இராயப்பர், சின்னப்பர் (பவுல்) பேரில் இருப்பதுதானே. தப்பித்தவர் பேரில் அங்கே ஒரு கோயில், தப்பிக்காதவர் பேரில் இங்கே ஒரு கோயில். தப்பித்த இராயப்பரும் பிறகு ரோமாபுரியில் சிலுவையில் செத்தவர்தான். அப்பத்தா சொன்ன மாதிரி, அன்றைக்கு அவரை விட்டு வைத்திருந்தார்.

போர்ச்சுகலிலிருந்து வந்து இங்கே வேதம் போதித்த சாமியார் ஓரியூர் அருளானந்தரும் அப்படித்தான். 1686இல் மறவர் நாட்டில் அவரைப் பிடித்து அடித்து உதைத்து ராமநாதபுரம் கொண்டுவந்தார்கள். சாவு நிச்சயம் என்று இருந்தவரை ராமநாதபுரம் ராஜா சேதுபதி விடுவித்துவிட்டார். போர்ச்சுகலுக்குப் போனார், அங்கேயே இருந்துவிடும்படி அந்த நாட்டு ராஜாவே கேட்டும் கேட்காமல் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4, சாம்பல் புதன் அன்று ஓரியூரில் தலையை வெட்டினார்கள். அதே நாடு, அதே சேதுபதி ஆட்சி, ஏழு வருட இடைவெளி. முதல் தடவை மட்டும்தான் ஆண்டவர் கூட இருந்தார் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அவர் ரத்தம் சிந்திய அந்தச் செம்மண்ணை அல்லவா நாம் மடியில் முடிந்துகொண்டு வருகிறோம்.

சரி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். என் கை எதுக்கு என்றாய்.

சின்னப்பர் ரோமாபுரிக்குக் கப்பலில் போன கதையைப் படித்துப் பார், அப்போஸ்தலர் பணி 27. எழுதினவருக்குக் கடல் தெரியும். 276 பேர் கப்பலில். பதினாலு நாள் புயல். கப்பல்தான் போகும், உங்களில் ஒரு உயிரும் போகாது என்று சம்மனசு சொன்னதைச் சின்னப்பர் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். வாக்கு கிடைத்தாயிற்று. நாமாக இருந்தால் போர்த்திப் படுத்திருப்போம். அந்த மாலுமிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? ராத்திரியில் கயிறு விட்டு ஆழம் பார்த்தார்கள். இருபது பாகம். கொஞ்சம் போய் மறுபடி விட்டார்கள், பதினைந்து பாகம். பாறையில் மோதிவிடும் என்று கப்பலின் பின்பக்கத்திலிருந்து நாலு நங்கூரம் போட்டுவிட்டு, விடியட்டும் என்று ஜெபித்தார்கள். அதில் சிலர் சின்னப் படகை இறக்கி நைசாகத் தப்பிக்கப் பார்க்கிறார்கள். அப்போது சின்னப்பர், இவர்கள் கப்பலில் இல்லையென்றால் நீங்கள் பிழைக்க முடியாது என்று சொல்கிறார். உயிருக்கு ஆண்டவர் வாக்குக் கொடுத்த பிறகும் நங்கூரம் போடுகிற கை வேண்டும் என்கிறார். இதைக் கடலில் போகாதவர்களுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பதை நான் ஒரு நாளும் முடிவு செய்ததில்லை. அதற்காகச் சுக்கானை ஒரு நாளும் விட்டதும் இல்லை.

நீ ஏற்றுகிற மருந்தும் ஆழம் பார்க்கிற கயிறு மாதிரிதான். சீராக் ஆகமம் 38இல், மருந்துகளை நிலத்திலிருந்து படைத்தவரே ஆண்டவர், அறிவுள்ளவன் அதை வெறுக்க மாட்டான் என்று இருக்கிறது. இங்கே சில இளவட்டங்கள் லைஃப் ஜாக்கெட்டை வீட்டில் வைத்துவிட்டு, "மாதா இருக்கா, பெரிசு" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போகிறார்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றின நாளிலும் கள்ளத்தனமாக இறங்குகிறார்கள். அது விசுவாசம் இல்லை. கோயில் உச்சியிலிருந்து குதி, சம்மனசுகள் தாங்கும் என்று சங்கீதத்தைச் சொல்லிக் காட்டியவன் சாத்தான். உன் தம்பிக்கு இதைச் சொல்லி ஒரு தடவை அறைந்தே விட்டேன். இப்போது ஜாக்கெட் போடுகிறான்.

இன்னொன்று. இதை எப்படி எழுதுவது என்று ரெண்டு நாளாக யோசித்தேன்.

அருள் நிறைந்த மரியாயே மந்திரத்தில் நாம் மாதாவிடம் கேட்பது ரெண்டே நேரத்துக்குத்தான். இப்பொழுதும், எங்கள் மரண நேரத்திலும். ஒரு ஜெபமாலையில் 53 தடவை. நடுவில் வருகிற பரீட்சை, கல்யாணம், வீடு கட்டுவது எதற்கும் அதில் இடமில்லை. நானும் அறுபது வருடமாகச் சொல்கிறேன், சித்தப்பா போன பிறகுதான் அந்தக் கடைசிச் சொல் காதில் விழுந்தது. அந்த ராத்திரி, அந்தக் கேனிலிருந்து கை நழுவின நேரத்தில் என் தம்பி பக்கத்தில் யார் இருந்தது? முப்பது வருடமாக நான் கேட்பது இது ஒன்றைத்தான். மாதா இருந்தாள் என்று நம்புகிறேன். நம்பாமல் என்னால் இருக்க முடியாது. ஆனாலும் ஒரு மனிதக் கை இருந்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்ளும்.

அப்பத்தா சாகும்போது நீ பள்ளிக்கூடப் பிள்ளை. பெரியவர்கள் எல்லோரும் அழுதுகொண்டு நின்றோம். நீதான் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியால் நாக்கில் தண்ணீர் விட்டாய். யாரும் உன்னைச் செய்யச் சொல்லவில்லை. இந்தப் பிள்ளை நர்சுக்குப் படிக்கும் என்று அன்றைக்கே அம்மா சொன்னாள்.

அந்த ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அம்மா கதவுக்கு வெளியே நிற்க வேண்டியதாயிற்று. உள்ளே நீ இருந்தாய். பன்னிரண்டு மணி நேரம் கையை விடாமல் இருந்தாய். உன் கை எதற்கு என்று என்னிடம் கேட்காதே, பாப்பா. என் தம்பிக்கு அது கிடைக்கவில்லை.

இந்த வெள்ளிக்கிழமை பூசைக்குப் போ என்று சொல்ல மாட்டேன். போனால் கோபத்தோடே போ. அங்கே இராயப்பர் இருக்கிறார், அவருக்கும் ஆண்டவரிடம் கோபித்துப் பழக்கம் உண்டு.

அம்மா நெத்திலிக் கருவாடு காயவைத்து வைத்திருக்கிறாள். பக்கத்துத் தெருப் பையன் ஆகஸ்டில் மஸ்கட் வருகிறானாம், அவனிடம் கொடுத்துவிடுவோம். மலிவாக இருந்தது என்று கொஞ்சம் அதிகமாகவே வாங்கிவிட்டாள். ரூமில் வாசனை வருகிறது என்று மற்றப் பிள்ளைகள் சொன்னால் அவர்களுக்கும் வறுத்துக் கொடு, சொல்ல மாட்டார்கள்.

திருநாளுக்கு முன்னால் ஒரு பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்று இருக்கிறோம். சித்தப்பா பேருக்கு வருடாவருடம் கொடுப்பதுதான். அதோடு அந்தப் பிள்ளையையும் சேர்க்கலாம் என்று அம்மா சொல்கிறாள். முஸ்லிம் பிள்ளையாக இருந்தாலும் சாமியார் ஒன்றும் சொல்ல மாட்டார், சந்தியாகப்பர் கோயிலுக்கு யார்தான் வரவில்லை. பேரை எழுதி அனுப்பு. பேர் வெளியே சொல்லக் கூடாது என்று உங்கள் ஆஸ்பத்திரியில் விதி இருந்தால் வேண்டாம். ஒன்பது வயதுப் பிள்ளை என்று மட்டும் எழுதிக் கொடுக்கிறேன்.

உன் அப்பா